எல்.கே.ஜி. பையன் கடிக்கிறான், எழுத மாட்டேன் என்கிறான். பள்ளியை மாற்றலாமா?

பேட்டை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசி வந்தால் என் பையனுக்கு நாலு வயது முடியும். ஜூனில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தோம். வீட்டில் அவனால் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆச்சி வெங்காயம் உரித்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் உரிப்பான். தெருவில் வருகிற பூக்காரரைக்கூட விடாமல் பேச்சுக்கு இழுப்பான். பள்ளிக்கூடத்துக்குள் போனால் வேறு பிள்ளை. போன வாரம் பக்கத்துப் பையனைக் கையில் கடித்துப் பல் பதிந்துவிட்டது. அந்தப் பையனுடைய அம்மா கேட் வாசலில் வைத்து என்னைக் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலே இல்லை. டைரியில் சிவப்பு மையில் ‘பிள்ளையைக் கண்டித்து அனுப்பவும்’ என்று வருகிறது.

அதோடு, எழுதவே மாட்டேன் என்கிறானாம். பென்சிலைக் கொடுத்தால் தூக்கி எறிகிறானாம். தினமும் ஒரு பக்கம் ‘ஏ’, ஒரு பக்கம் ‘அ’ வீட்டுப்பாடம். வீட்டில் இங்கிலீஷில் பேசிப் பழக்குங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். காலையில் வேன் ஏழு இருபதுக்கே வந்து ஊரெல்லாம் சுற்றிப் போகும். திரும்பி வர மூன்றரை. வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். அவர் வேலை முடித்து வீடியோவில் வர நம்ம நேரம் பத்தரை ஆகிவிடும். அப்பா முகத்தைப் பார்க்காமல் இவன் படுக்க மாட்டான்.

அத்தை ‘ரெண்டு போடு, சரியாகும்’ என்கிறார். தம்பி ‘ஸ்கூலை மாத்து’ என்கிறான். டாக்டரிடம் காட்ட வேண்டுமா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

வீரவநல்லூர் அண்ணாச்சி:

தங்கச்சி, உங்கள் அத்தை சொல்வதில் தப்பில்லை. நாங்கள் எல்லாம் வாத்தியார் கையால் அடி வாங்கித்தான் படித்தோம், யாரும் கெட்டுப் போகவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செல்லம் ஜாஸ்தி. செல்போனையும் பிடுங்கி வையுங்கள், பாதி சரியாகும்.

மேலப்பாளையம் வாப்பா:

எங்கள் மகள் தள்ளிவிடுவாள். மிஸ்ஸிடம் ‘எந்த நேரத்தில்’ என்று மட்டும் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, கை கழுவுகிற குழாயடியில்தான் என்றார். இரண்டு குழாய், அத்தனை பிள்ளைகளும் பசியோடு. அப்புறம் அவளைச் சோப்பு எடுத்துக் கொடுக்கிற ஆளாக வைத்தார். நின்றுவிட்டது. பள்ளியை மாற்றுவதெல்லாம் கடைசிப் பேச்சு அக்கா.

பால்வாடி டீச்சர்:

பேட்டை அம்மாவுக்கு. நான் சேரன்மகாதேவி பக்கம் அங்கன்வாடிப் பணியாளர். ஊரில் இன்றும் பால்வாடி டீச்சர்தான். இருபது வருடத்துக்கு மேலாக இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளோடுதான் பொழுது. எந்த வருடமும் கடிக்கிற பிள்ளை ஒன்றாவது வராமல் இருந்ததில்லை, அதனால் முதலில் நீங்கள் கேட் வாசலில் தலைகுனிந்து நிற்பதை விடுங்கள்.

உங்கள் பதிவைப் படித்ததும் நான் தூக்கத்தைத்தான் கணக்குப் பார்த்தேன். பத்தரைக்கு அப்பா வருகிறார். பேசி முடித்துக் கண் அசர பதினொன்று. ஏழு இருபது வேனுக்கு ஆறு மணிக்காவது எழுப்ப வேண்டும். ஆகமொத்தம் ஏழு மணி நேரம். மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. தினமும் குறைந்தது மூன்று மணி நேரம் கடன் விழுகிறது. தூக்கம் போதாவிட்டால் நாம் சோர்ந்து உட்காருவோம். சின்னப் பிள்ளைகள் அதற்கு நேர்மாறு. ஆட்டம் கூடும், எரிச்சல் கூடும், கை நீளும். எங்கள் ஊரில் கோயில் கொடை நடக்கிற வாரம் நீங்கள் சென்டருக்கு வந்து பார்க்க வேண்டும். விடிய விடிய வில்லுப்பாட்டும் மேளமும் கேட்டுவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பாட்டும் கிடையாது, கதையும் கிடையாது. பாயை விரித்துவிடுவேன்.

அப்பாவைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை, நேரத்தை மாற்றுங்கள். ஷார்ஜா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நமக்கு ஆறரை என்றால் அங்கே ஐந்து. சீக்கிரம் எழுந்து வேலைக்குக் கிளம்புகிறவர் என்றால், இவன் பல் தேய்க்கிற நேரத்தில் அப்பா பக்கத்தில் இருக்கட்டும். முடியாவிட்டால் ராத்திரி அவர் ஒரு குரல் பதிவு அனுப்பட்டும், காலையில் கேட்பான். லீவு நாளில் ஆசை தீரப் பேசட்டும்.

அடுத்து எழுத்து. பிள்ளைகள் மூன்று வயதில் பார்த்து வட்டம் போடும், நாலு வயதில் கூட்டல் குறி, ஐந்தை நெருங்கும்போது சதுரம், அதற்கப்புறம் முக்கோணம். குழந்தை மருத்துவர்கள் வளர்ச்சியைப் பார்க்கிற வரிசையே இதுதான், முன்னே பின்னே சில மாதம் இருக்கும். இப்போது ‘அ’வைக் கொஞ்சம் பாருங்கள். சுழி இருக்கிறது, வளைவு இருக்கிறது, குறுக்கே ஒரு கோடு, செங்குத்தாக ஒரு கோடு. கூட்டல் குறிக்கே இன்னும் தயாராகாத கையிடம் இதை ஒரு பக்கம் கேட்டால் பென்சில் பறக்கத்தான் செய்யும். பழைய வாத்தியார்கள் ட, ப, ம என்று கோட்டெழுத்தில் தொடங்கியது சும்மா இல்லை.

ஆச்சியோடு வெங்காயம் உரிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அதுதான் எழுத்து வேலை! மொச்சை உரிக்கட்டும், இடியாப்ப மாவைப் பிசையட்டும், கொடியில் காய்கிற துணிக்குக் கிளிப் மாட்டட்டும், வாசலில் கோலப்பொடியைக் கிள்ளிப் புள்ளி வைக்கட்டும். கிள்ளுகிற அந்த மூன்று விரல்தான் நாளைக்குப் பென்சிலையும் பிடிக்கப் போகிறது. மத்திய அரசின் பாடத்திட்ட அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த வயதுக்கு எழுத்துத் தேர்வும் வேண்டாம், வாய்மொழித் தேர்வும் வேண்டாம் என்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவு போட்டது. எல்.கே.ஜி. அதற்கும் கீழே. இதையெல்லாம் கொண்டுபோய் மிஸ்ஸிடம் சட்டம் பேசாதீர்கள், உறவுதான் கெடும். உங்கள் மனதைரியத்துக்குச் சொல்கிறேன்.

கடிக்கு வருகிறேன். பூக்காரரிடம் வாய் ஓயாத பிள்ளைக்கு அங்கே ‘அது என்னோடது, தா’ என்று கேட்க இங்கிலீஷில் வார்த்தை இல்லை. அப்போது பல்தான் பேசும். வீட்டில் தமிழே பேசுங்கள், நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். மிஸ்ஸிடம் ஒரே ஒரு சலுகை கேளுங்கள், கோபமோ அழுகையோ வந்தால் அவன் தமிழில் சொல்லட்டும் என்று. எங்கள் சென்டரில் ஒரு பிள்ளை கடித்துவிட்டால் முதலில் கடிபட்டவனைத்தான் தூக்குவேன். கடித்தவனிடம் ‘கடிச்சா வலிக்கும். வேணும்னா கேளு’, அவ்வளவுதான். நீளமாகப் புத்தி சொன்னால் அந்த நேரத்தில் காதில் ஏறாது. ஈரத் துணியை அவன் கையிலேயே கொடுத்து கடிபட்ட இடத்தில் ஒற்ற வைப்பேன். சாயங்காலம் வீட்டில் வைத்து அதே வழக்குக்கு இரண்டாவது விசாரணை வேண்டாம், நாலு மணி நேரத்துக்கு முன்னால் நடந்ததற்கு இப்போது ஏன் திட்டு விழுகிறது என்று அவனுக்குப் புரியாது.

வீரவநல்லூர் அண்ணாச்சி கோபிக்கக் கூடாது. அடித்தால் நிற்கும், அன்றைக்கு, அடித்தவர் கண் முன்னால். மறுநாள் தன்னைவிடச் சின்னவன் மேல் இறங்கும். எங்கள் கண்ணால் பார்க்கிறோம். செல்போன் விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. முன்னே சொன்ன உலக சுகாதார நிறுவனக் கணக்கும் இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது.

டாக்டர் பற்றி. வீட்டில் இவ்வளவு கலகலப்பாக இருக்கிற பிள்ளையைப் பற்றிப் பயப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காதை மட்டும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்குக் காதுக்குள் நீர் கட்டி, சத்தம் மங்கலாகக் கேட்கலாம். இரைச்சலான வகுப்பில் மிஸ் சொல்வது பாதி போய்ச் சேராது, பிடிவாதம் என்று பெயர் வாங்கும். இதைப் படிக்கிற மற்ற அம்மாமாருக்கும் சொல்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, முகம் பார்ப்பதில்லை, பேசிய வார்த்தைகள் குறைகின்றன என்றால் ‘ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’ என்று காத்திருக்காதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் இப்படி வளர்ச்சியில் பின்தங்குகிற பிள்ளைகளைச் சீக்கிரமே பார்த்துச் சரிசெய்ய இடையீட்டு சேவை மையம் இருக்கிறது, பதினெட்டு வயது வரை கட்டணம் கிடையாது. எங்கள் சென்டருக்கு இதே அரசுத் திட்டத்து டாக்டர்கள் பிள்ளைகளைப் பரிசோதிக்க வருடத்துக்கு இரண்டு முறை வருவார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகளை நாமேதான் கூட்டிப் போக வேண்டும்.

வள்ளியூர் மிஸ்:

நானும் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. எடுக்கிறேன். டீச்சர் சொன்ன அத்தனைக்கும் தலையாட்டுகிறேன், ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். 34 பிள்ளைகள், நான் ஒருத்தி. ஆயாம்மா பாதி நேரம் பாத்ரூம் பக்கம்தான் இருப்பார். ஒரு நாள் மண்ணில் விளையாட விட்டால் சாயங்காலமே போன் வரும். ‘நோட்டில் ஒண்ணும் காணோமே மிஸ், எதுக்கு பீஸ் கட்டுறோம்?’ பெற்றோர் நோட்டில் எத்தனை பக்கம் என்று எண்ணுகிறார்கள், நிர்வாகம் பெற்றோரைப் பார்க்கிறது, நடுவில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நாங்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்கு டியூஷன் வைத்திருக்கிற வீடு என் வகுப்பிலேயே உண்டு.

சிவப்பு மையைப் பெரிதாக எடுக்காதீர்கள். மணி அடிக்கும் முன்னால் எல்லா டைரியையும் முடிக்கிற அவசரம் அது. வேன் நிற்கிற நேரத்தில் மிஸ்ஸைப் பிடிக்க வேண்டாம். ‘பத்து நிமிடம் வேண்டும், என்றைக்கு வரட்டும்?’ என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு அம்மா காலையில் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புவார். ‘ராத்திரி இருமல், தூங்கவில்லை.’ ‘தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.’ அன்றைக்கு அந்தப் பிள்ளையை என் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அந்த ஒரு வரி வராவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

பேட்டை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸைத் தனியாகப் பார்த்தேன், நினைத்ததைவிட நல்ல மாதிரி. எப்போது என்று கேட்டதும், எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எழுதுகிற பீரியடில்தான் என்றார். காலையில் ஒரு குறையும் இல்லையாம். கடித்த அன்றைக்கு அந்தப் பையன் இவனுடைய பென்சில் டப்பாவை இழுத்திருக்கிறான்.

வீட்டுக்காரருக்கு முதலில் வருத்தம்தான், ‘அந்த ஒரு மணி நேரம்தானே எனக்கு’ என்றார். இப்போது காலையில் வருகிறார். ஒன்பதுக்குப் படுக்க வைக்கிறேன். அத்தை சீரியல் சத்தத்தைக் குறைக்கச் சம்மதித்திருக்கிறார், நிறுத்த இல்லை. நேற்றும் ஒரு பையனைத் தள்ளியிருக்கிறான், கடிக்கவில்லை. காது டாக்டருக்குச் சனிக்கிழமை போகிறோம். வீட்டுப்பாடத்துக்குத்தான் வழி தெரியவில்லை. ‘நான் குறைத்தால் மேலே கேட்பார்கள்’ என்கிறார் மிஸ்.

பால்வாடி டீச்சர்:

அவன் இரண்டு வரி எழுதட்டும். மீதிப் பக்கத்தை நீங்கள் கை பிடித்து நிரப்பாதீர்கள். கீழே ‘இவ்வளவுதான் முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மேலே கேட்டால் காட்ட மிஸ்ஸுக்கும் ஒரு தாள் ஆச்சு. வீட்டில் பென்சிலுக்குப் பதில் சாக்பீஸை உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் விரல் நுனியால்தான் பிடிக்க முடியும், தானாகப் பிடி சரியாகும். தள்ளுவது இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், அதற்கு டைரி வந்தால் பதறாதீர்கள்.

சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சிக்கல் என்றால், எழுதுகிற பீரியடைக் காலைக்கு மாற்ற முடியுமா, மத்தியானம் அரை மணி நேரம் படுக்க விட முடியுமா என்று வள்ளியூர் மிஸ் சொன்ன மாதிரி நேரம் கேட்டுப் போய்ப் பேசிப் பாருங்கள். படுக்க இடம் இருக்கிறது, விரிக்க ஒன்றும் இல்லை என்றார்கள் என்றால் சொல்லுங்கள். பத்தமடை எனக்குப் பக்கம்தான், சின்னக் கோரைப்பாய் விலை விசாரித்துச் சொல்கிறேன்.