கூடுதல் நேரம் கேட்டால் 'சலுகை' என்கிறார்கள்

நண்பர்களே, ஒரு வழி சொல்லுங்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பார்வைக் குறைபாடு உண்டு. தேர்வுக்குப் பெரிய எழுத்து வினாத்தாளும் கூடுதல் நேரமும் வேண்டும் என்று மருத்துவச் சான்றிதழோடு எழுதிக் கொடுத்தேன். "பார்க்கலாம்" என்றார்கள். தேர்வன்று கைக்கு வந்தது வழக்கமான வினாத்தாள்தான். உருப்பெருக்கியை வரி வரியாக நகர்த்திப் படித்தேன். கடைசி வரைபடத்தின் அச்சில் இருந்த எண்களைப் பிடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. போய்க் கேட்டால், "உனக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்கிறார் துறைத் தலைவர். (மற்றவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை. பாடக் குறிப்புகளைப் பெரிதாக்கித் தருவதே அவர்கள்தான்.)

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, நியாயமான ஏற்பாட்டை (அதாவது, ஒருவருடைய குறைபாட்டுக்கு ஏற்பச் செய்து தர வேண்டிய தேவையான மாற்றத்தை) மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது. 24ஆம் பிரிவில் உயர்கல்வியும் வருகிறது. ஆகவே முறையாகப் புகார் கொடுக்கப் போகிறேன். ஆனால் கையில் இருப்பது கோரிக்கைக் கடிதத்தின் நகல் மட்டுமே. அவர்கள் சொன்னதெல்லாம் வாய்வார்த்தை. அதை இப்போது எப்படி எழுத்தில் வாங்குவது? மறுதேர்வையும் அதே புகாரில் கேட்கலாமா, தனியாகக் கேட்க வேண்டுமா? இப்படிப் புகார் கொடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.