பழைய கார்ச் சின்னத்துக்கு மறுபடி வண்ணம் பூச வழி என்ன?

சக்கரம்:
1950களின் கார் ஒன்றின் முகப்புச் சின்னத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன். சுற்றிலும் குரோம், நடுவில் புடைத்த எழுத்துகள், அவற்றைச் சுற்றியுள்ள பள்ளத்தில் சிவப்பு. அது வெளிறி, செதில் செதிலாக உதிர்கிறது. குரோமிலும் அங்கங்கே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. உப்புத்தாளால் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு ஸ்பிரே அடிக்கலாமா?

தூரிகை:
வேண்டவே வேண்டாம். அலங்காரக் குரோம் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. உப்புத்தாள் பட்டால் போனது போனதுதான்.

அந்தக் காலத்துச் சின்னங்களில் சில, செம்பு அல்லது பித்தளைமேல் கண்ணாடித் தூளை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் உருக்கிப் பதித்தவை. அந்த நிறம் வெளிறாது. அடிபட்டால் சில்லாகத் தெறிக்கும். உங்களுடையது வெளிறி உதிர்கிறது என்றால் வெறும் பெயிண்ட்தான், வீட்டிலேயே செய்யலாம். வெள்ளைப் பூப்பைப் பார்த்தால் துத்தநாகக் கலவை வார்ப்பு என்று தோன்றுகிறது. இரும்பென்றால் செந்துரு ஏறியிருக்கும். ஆகவே எலுமிச்சை, வினிகர் என்று எந்தப் புளிப்பும் படக்கூடாது, துத்தநாகத்தை அரித்துவிடும்.

சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீர், மெல்லிய பல்துலக்கும் பிரஷ், உதிரும் பெயிண்டை நெம்ப ஒரு மரக்குச்சி: இவை போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கையுறை போட்டு, ஈரமாக வைத்தே சுரண்டுங்கள், தூசி பறக்கக்கூடாது. நன்றாக உலர்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பள்ளத்தைத் துடையுங்கள். விரல் எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பள்ளத்தின் அடியிலும் குரோம் மின்னினால், முதலில் எட்ச் பிரைமர் (வழுவழுப்பான உலோகத்தில் பெயிண்ட் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) ஒரு மெல்லிய பூச்சு.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. மாடல் பொம்மைகளுக்கான எண்ணெய் எனாமலைப் பாலைவிடச் சற்றே கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். சின்னத்தைச் சமமாகக் கிடத்தி, பள்ளத்தின் நடுவில் ஒரு துளி விடுங்கள். நுனித் தூரிகையால் அந்தத் துளியை ஓரத்தை நோக்கி மெல்ல நகர்த்தினால், பெயிண்ட் தானே மூலைவரை ஓடி, எழுத்தின் சுவரைத் தொட்டு நின்றுவிடும். தூரிகையால் ஓரத்தைத் தீற்றாதீர்கள்; ஓடவிடுங்கள். குமிழி தெரிந்தால் ஊசி முனையால் தொட்டால் போதும். எழுத்தின் தலையில் வழிந்ததை, பெயிண்ட் சற்று இறுகியதும், தட்டையான ரப்பர் துண்டில் துணியை இறுக்கிச் சுற்றி, டர்பன்டைனை லேசாகத் தொட்டு ஒரே இழுப்பில் துடையுங்கள். துணி தொய்ந்தால் பள்ளத்துக்குள் இறங்கி நிறத்தையும் அள்ளிவிடும். ஒரே தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் மேல்.

நிலவன்:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: ஒளி ஊடுருவும் அக்ரிலிக் சின்னங்களில் நிறம் பின்பக்கத்தில் இருக்கும். அவற்றில் அசிட்டோனோ தின்னரோ படக்கூடாது. பிளாஸ்டிக் மங்கி விரிசல் விட்டுவிடும்.

சக்கரம்:
மிக்க நன்றி. குரோமில் உள்ள புள்ளிகளை என்ன செய்வது?

தூரிகை:
அவை முலாமைத் துளைத்துவந்த குழிகள், பாலிஷால் மறையாது. பூத்ததை மட்டும் மென்மையாக எடுத்துவிட்டு மெழுகு பூசுங்கள். ஈரம் உள்ளே போகாமல் இருந்தால் அரிப்பு மட்டுப்படும். மறுபடி முலாம் பூச வேண்டுமென்றால் பழையதை முழுக்க எடுத்து, குழிகளைச் செம்பால் நிரப்ப வேண்டும். அது பட்டறை வேலை, எழுத்துகளின் கூர்மையும் மழுங்கக்கூடும். என்னைக் கேட்டால், புள்ளிகள் இருந்துவிட்டுப் போகட்டும். திரும்ப மாட்டும்போது நட்டை விரலால் முடுக்குவதோடு நிறுத்துங்கள். பின்னால் இருக்கும் வார்ப்புக் குச்சிகள் சட்டென முறியக்கூடியவை.