110 ஹர்டில்ஸ்ல டைம் குறைக்கணும், ஃப்ளாட் ஸ்பீடா ஹர்டில் வேலையா?

ப்ளஸ்ஒன்_பையன்:
அண்ணா எல்லாருக்கும் வணக்கம். அண்டர் 18, 110 மீட்டர் ஹர்டில்ஸ், 91.4 செ.மீ உயரம். என் பெஸ்ட் 16.2 செகண்ட், ஃப்ளாட் (ஹர்டில் இல்லாத) 100 மீட்டர் 11.9. ஏழாவது ஹர்டில் வரைக்கும் நடுவுல மூணு ஸ்டெப் வருது, அதுக்கப்புறம் நாலாயிடுது, உடனே கால் மாறி எனக்கு வராத இடது கால முன்னாடி போட வேண்டியிருக்கு, போன மீட்ல எட்டாவதுல முட்டி இடிச்சு தோல் உரிஞ்சிடுச்சு. பிடி சார் 100 மீட்டர் ஸ்பீடு ஏத்து மத்தது தானா வரும்ங்கறார், சீனியர் அண்ணன் ஹர்டில கிட்ட கிட்ட வெச்சு ஓடுங்கறார். டிஸ்ட்ரிக்ட் மீட்டுக்கு ரெண்டு மாசம் இருக்கு.

ஸ்பைக்ஸ்:
சார் சொல்றது சரி தம்பி. 11.9 பத்தாது. நம்ம ஜோதி யர்ராஜிய பாரு, 2023 பாங்காக் ஏசியன் சாம்பியன்ஷிப்ல 100 ஹர்டில்ஸ் கோல்டு, அதே மீட்ல 200 மீட்டர்ல சில்வர். ஸ்பீடு இல்லாதவங்க ஹர்டில்ஸ் ஓட முடியாது.

மூணு_ஸ்டெப்:
மறுக்கல ப்ரோ, ஆனா 110 ஹர்டில்ஸ்ல 12.88 ஓடின சீனாக்காரர் லியு ஷியாங் ஃப்ளாட் 100ல பேர் வாங்கின ஆளா? கணக்கு போட்டு பாருங்க. ரெண்டு ஹர்டிலுக்கு நடுவுல 9.14 மீட்டர், தாண்ட கெளம்புறது சுமார் ரெண்டு மீட்டர் முன்னாடி, எறங்குறது ஒன்னே சொச்சம் மீட்டர் தள்ளி, மிச்சம் ஆறு மீட்டர், அதுல மூணு ஸ்டெப். அதாவது ஒரு ஸ்டெப் ரெண்டு மீட்டர்தான். ஃப்ளாட்ல ஓடுற மாதிரி கால நீட்ட அங்க எடமே இல்ல, டக் டக் டக்னு கால் கீழ விழுற வேகம்தான் வேணும். அத 100 மீட்டர் ஓடி ஓடி கத்துக்க முடியாது.

ஸ்பைக்ஸ்:
அப்போ ரெண்டாவது ஹர்டில்ல வர்ற மூணு ஸ்டெப் எட்டாவதுல ஏன் வரல? பையனுக்கு ரிதம் தெரியும், தம் கட்டல. இது ஸ்பீடு எண்டூரன்ஸ் பிரச்சனை, அதாவது வேகத்த கடைசி வரைக்கும் புடிச்சு வெக்க முடியல, கிட்ட கிட்ட வெச்சா ப்ராக்டிஸ்ல சந்தோஷமா இருக்கும், மீட்ல அதே 9.14தான்.

மூணு_ஸ்டெப்:
தம்பி, ஒரு வேலை செய். ட்ராக்ல சாக்பீஸ் கோடு போட்டு ரெண்டாவது ஹர்டிலயும் ஏழாவதையும் ஸ்லோ மோஷன்ல எடு, எங்க கெளம்புற, எங்க எறங்குறன்னு டேப் வெச்சு அளந்து சொல்லு.

ப்ளஸ்ஒன்_பையன்:
அளந்துட்டேன் அண்ணா. ரெண்டாவதுல 2 மீட்டர் முன்னாடி கெளம்பி 1.10ல எறங்குறேன். ஏழாவதுல 1.70ல கெளம்பி 75 செ.மீலயே விழுறேன். வீடியோல பாத்தா தாண்டல, மேல குதிக்கிறேன்.

மூணு_ஸ்டெப்:
அதான்! ஏழாவது எறங்கின எடத்துலேர்ந்து எட்டாவதுக்கும் 1.70 முன்னாடிதான் கெளம்பப் போற, அப்போ நடுவுல ஓட வேண்டியது 6.04 மீட்டர்லேர்ந்து 6.69 ஆயிடுச்சு. அசந்து போன கால்ல 65 செ.மீ கூடுதல், எப்படி மூணு ஸ்டெப்ல எட்டும்? கிட்ட வந்து குதிக்குற, குதிச்சா வேகம் அங்கயே சாவுது. பொண்ணுங்க 100 ஹர்டில்ஸுக்கு சிந்தெடிக் ட்ராக்ல மஞ்சள் மார்க் இருக்கும், அது 8.5 மீட்டர் இடைவெளி. அதுல வெச்சு உயரத்தையும் ஒரு படி இறக்கி ஓடு, தூரத்துலேர்ந்து முட்டிய முன்னாடி தூக்கி பாயறது பழக்கமாகும்.

ஸ்பைக்ஸ்:
அளவு பாத்ததும் குதிக்கிறான்ங்கறத ஒத்துக்கறேன், அத நான் யோசிக்கல. ஆனா அசந்ததாலதான குதிக்கிறான்? மஞ்சள் மார்க்ல அஞ்சு ஹர்டில் மட்டும் ஓடினா எட்டாவது எப்பவும் வராது. வாரத்துல ஒரு நாளாவது பத்து ஹர்டிலையும் முழுசா வெச்சு ஓடணும், ஃப்ளாட்ல 150 மீட்டர் ஓட்டமும் விடக்கூடாது.

மூணு_ஸ்டெப்:
பத்து வெக்கறதுல சண்டை இல்ல, மஞ்சள் மார்க்லயே பத்து வெக்கட்டும். 150 மட்டும் மீட்டுக்கு மூணு வாரம் முன்னாடி நிறுத்தணும்.

ஸ்பைக்ஸ்:
ரெண்டு வாரம். அதுக்கு மேல நிறுத்தினா இருக்கற ஸ்பீடும் போயிடும்.

ப்ளஸ்ஒன்_பையன்:
எங்க ஸ்கூல்ல மொத்தமே ஆறு ஹர்டில்தான் அண்ணா இருக்கு, அதுல ஒண்ணு உடைஞ்சது. மிச்சத்துக்கு பிவிசி பைப் வெச்சு கட்டலாமா? இடிச்சா விழுந்துடற மாதிரி எப்படி வெக்கறதுன்னு சொல்லுங்க.