லோக்கல் ஃபீட் பம்ப் மாட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்: முதலில் என் கதை

திருமங்கலம், சொந்த லாரி, ஓட்டுவதும் நானே

டேங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜின் பக்கம் அனுப்புவதுதான் ஃபீட் பம்ப். கம்பெனி பம்ப் விலையைக் கேட்டுத் தலை சுற்றியவர்கள் பலர் இருப்பீர்கள். லோக்கல் பம்ப் வாங்கலாமா என்றால், வாங்கலாம். இன்று என் வண்டியில் இருப்பதும் லோக்கல்தான். ஆனால் அது இரண்டாவதாக வாங்கியது. முதலில் வாங்கியது இன்ஜினையே காவு கேட்டது.

வண்டி 2005 மாடல், ஆறு சக்கரம், ஆறு சிலிண்டர். ஃபீட் பம்ப் இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். உள்ளே கேம் ஷாஃப்ட் என்ற தண்டு சுற்றச் சுற்ற அதில் புடைத்திருக்கும் முட்டு பம்பின் கையை (லீவரை) தள்ளும், கை டயாபிரம் என்ற ரப்பர் சவ்வை இழுக்கும், டயாபிரம் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும். ஒயர் கிடையாது, ஃபியூஸ் கிடையாது. இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் தேனிக்கு உர மூட்டை. உசிலம்பட்டி வரைக்கும் வண்டி நன்றாகத்தான் வந்தது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுக்கவில்லை, இரண்டாவதிலும் திணறியது. புகைபோக்கியைப் பார்த்தேன், புகையே இல்லை. அதுதான் துப்பு. டர்போவோ காற்று ஃபில்டரோ மக்கர் செய்தால் கரும்புகை கக்கும். சுமையோடு திணறும் வண்டி புகையாமல் இருந்தால் அதற்கு டீசல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஓரம் கட்டி, கிளீனர் தம்பி ஹேண்ட் பம்பை முப்பது தடவை அடித்தான். பத்து நிமிடம் ஓடியது, மறுபடி படுத்தது. அடிப்பதும் ஓட்டுவதுமாகக் கணவாயைத் தாண்டினோம். கீழே குனிந்து பார்த்தால் பம்பின் அடியில் இருக்கும் கசிவுத் துளையிலிருந்து டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. டயாபிரம் கிழிந்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் மதுரையில் ஓர் உதிரிபாகக் கடையில் லோக்கல் பம்ப் வாங்கினேன். கம்பெனி விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "அதே சாமான்தான் அண்ணே, பெட்டிதான் வேறு" என்றார் கடைக்காரர். பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதை நான் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

மாட்டும்போதே ஓர் அறிகுறி தெரிந்தது. பம்பைப் பிளாக்கில் வைத்தால் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி நின்றது. பட்டறைத் தம்பி இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி முறுக்கி இழுத்து உட்கார வைத்தான். புது ஸ்பிரிங், அதனால்தான் விறைப்பாக இருக்கிறது என்று நானே சமாதானமும் சொன்னேன். வண்டி ஒரே சுழற்சியில் ஸ்டார்ட் ஆனது. பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் காலையில் இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்தேன். ஆயில் குறையவே இல்லை. முதலில் எனக்கு மகிழ்ச்சிதான், சிரிக்காதீர்கள். துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தால் மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரற்கடை. ஊற்றாத ஆயில் எப்படி ஏறும்? ஒரு சொட்டைச் செய்தித்தாளில் வைத்தேன். நடுவில் கறுப்புப் பொட்டு, அதைச் சுற்றி எண்ணெய்ப் பலகாரம் வைத்த தாள் மாதிரி ஒரு வெளிர் வளையம் அகலமாகப் பரவியது. முகர்ந்தால் டீசல் வாடை. அதற்குப் பிறகு சாவியைத் தொடவில்லை.

பம்பைக் கழற்றிப் பழையதன் பக்கத்தில் வைத்தோம். உடம்பு, துளை, நிறம் எல்லாம் அச்சு. கை மட்டும் மூன்று மில்லிமீட்டர் கூடுதல் நீளம். கேம் ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் டயாபிரம் தன் எல்லையைத் தாண்டி இழுபட்டு நான்கே நாளில் பிய்ந்திருக்கிறது. பழைய பம்பில் இருந்த கசிவுத் துளையும் இதில் கிடையாது. பழையது கிழிந்தபோது சாலையில் சொட்டிக் காட்டிக்கொடுத்தது. இது சத்தமில்லாமல் அத்தனை டீசலையும் இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்பில் இறக்கிவிட்டது.

ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றினேன். பேரிங் தப்பியது என் தாய் செய்த புண்ணியம்.

இரண்டாவது பம்பை வேறு கடையில், ஸ்கேலும் பழைய பம்பும் கையில் வைத்துக்கொண்டு வாங்கினேன். கையின் நீளம், வளைவு, போல்ட் துளை, பைப் மரை, உள்ளே வெளியே அம்புக்குறி எல்லாம் பார்த்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும். மாட்டும்போது பட்டறையில் மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே பம்பைத் துளையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். முட்டு எதிரே நின்றால் பம்ப் திமிறும். இன்னும் கொஞ்சம் சுற்றினால் முட்டு விலகிவிடும், பம்ப் முறுக்காமலே பேக்கிங்கில் போய் ஒட்டி உட்காரும். போல்ட் அதைப் பிடித்து வைக்கத்தான், இழுத்து உட்கார வைக்க அல்ல. என் வண்டிக்கு 24 நியூட்டன் மீட்டர் முறுக்கு. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர் இருந்தும் அதுவரை நாங்கள் அதை சிலிண்டர் ஹெட்டுக்கு மட்டுமே எடுத்திருந்தோம்.

அப்படியும் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடித்தது. எங்கும் சொட்டு இல்லை. மூத்தவர் உறிஞ்சும் பக்கத்தில் ஒரு சாண் கண்ணாடி ஹோஸை இணைத்தார். இன்ஜின் ஓடும்போது அதில் கடுகு கடுகாகக் குமிழி ஓடியது. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் கண்ணுக்குச் சிக்கவில்லை. குற்றவாளி பைப் முனையில் நாங்கள் திரும்பப் போட்ட பழைய செம்பு வாஷர். அது ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. வீட்டுக் காஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். இறுகிப்போன செம்பு மறுபடி மிருதுவாகிவிடும். அடுப்படியை டீசல் நாற்றம் ஆக்கியதற்கு வீட்டில் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது. வாஷரை மாட்டியதும் குமிழி நின்றது.

மேலூர், டிப்பர்

அண்ணே, உங்களுக்குப் பம்பே வில்லன். நான் வில்லனே இல்லாதவனை இரண்டு தடவை மாற்றினேன். என் வண்டியில் ஃபீட் பம்ப், நாசிலுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் பெரிய டீசல் பம்பின் விலாவில் மூன்று நட்டில் இருக்கும். டயாபிரத்துக்குப் பதில் தண்டு தள்ளி வேலை செய்யும் பிளஞ்சர் வகை. சுமையோடு இழுக்கவில்லை என்றதும் புது பம்ப் போட்டேன். ஒரு வாரம் சரி, பிறகு அதே கதை. பம்ப் மட்டம் என்று கடையில் சண்டை போட்டு மாற்றி வாங்கினேன். அதுவும் ஒரு வாரம்தான்.

கடைசியில் ஒரு டிரைவர் சொன்ன யோசனை பைசா செலவில்லாதது. டேங்க் பைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கேனில் சுத்தமான டீசல் வைத்து, அதிலிருந்து நேராகப் பம்புக்கு ஹோஸ் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். வண்டி குதிரை மாதிரி இழுத்தது. அப்படியென்றால் பம்பில் குறை இல்லை, டேங்கிலிருந்து பம்ப் வரும் வழியில்தான் குறை. டேங்கை இறக்கினால் உறிஞ்சும் குழாயின் வலையில் கிரானைட் தூசியும் துணி வேஸ்ட்டும் சேர்ந்து களிமண்ணாக அப்பியிருந்தது. பைப்பைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அது கொஞ்சம் விலகியிருக்கிறது, அதுதான் அந்த ஒரு வாரம். கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பழைய பாக்கியை நினைவூட்டினார்.

கப்பலூர், டீசல் மெக்கானிக்

இருவர் சொன்னதும் சரி. சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஆயில் ஏறிய வண்டியை "பட்டறை வரைக்கும் மட்டும்" என்று ஓட்டி வருகிறார்கள். டீசல் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்பது ஒரு பக்கம். அளவுக்கு மேல் ஏறிவிட்டால் பிரீதர் (இன்ஜின் மூச்சு விடும் குழாய்) வழியாக அதுவே சிலிண்டருக்குள் போய் எரியத் தொடங்கும். பிறகு சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது, தானாகவே ரேஸ் ஆகும். இழுத்துக்கொண்டு வாருங்கள்.

மேலூர்க்காரர் வண்டியில் இருப்பது போன்ற பிளஞ்சர் வகையிலும் இதே ஆபத்து உண்டு. தள்ளுதண்டு தேய்ந்தால் டீசல் பெரிய பம்பின் கேம் அறைக்குள் இறங்கி அங்கிருக்கும் ஆயிலைக் கெடுக்கும். அந்த வகைக்கு நான் லோக்கல் பம்ப் போடச் சொல்வதில்லை. பழைய உடம்பு நன்றாக இருந்தால் வால்வும் ஸ்பிரிங்கும் வாஷரும் மாற்றிக்கொடுத்தாலே போதும். திருமங்கலத்து அண்ணன் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும்.

பம்ப் மாட்டியபின் டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, அதாவது ஏர் எடுக்கும்போது, அவசரப்படாதீர்கள். முதலில் ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அடியுங்கள். அடுத்து பெரிய பம்பின் ஸ்க்ரூ. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பெரும்பாலும் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலின் நட்டைத் தொடவே வேண்டாம். தொட்டால், செல்ஃப் அடிக்கும்போது அங்கே கையையோ முகத்தையோ கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும். செல்ஃபையும் அரை நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், ஆறவிடுங்கள்.

உசிலம்பட்டி

என் வண்டி 2021 மாடல், புது புகை விதிப்படி வந்த பி.எஸ். 6. இதற்கும் இப்படி லோக்கல் பம்ப் போட முடியுமா?

கப்பலூர், டீசல் மெக்கானிக்

வேண்டாம் தம்பி. அது காமன் ரெயில், எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு குழாயில் உயர் அழுத்தத்தில் டீசல் நிற்கும் வகை. அதில் எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு, அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் வண்டி படுத்துவிடும். சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.

திருமங்கலம்

மெக்கானிக் அண்ணே, பழைய உடம்பைச் சரிசெய்ய எனக்கும் ஆசைதான். என்னுடையது கழற்ற வழியில்லாமல் மடித்து மூடிய வகை. உள்ளே டயாபிரம் மட்டும் மாற்ற இடமே இல்லை.

இரண்டாவது பம்ப் மாட்டி ஏழு மாதம் ஆகிறது. நான்கு நாளில் கிழிந்த அந்த முதல் லோக்கல் பம்பை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் அதன் கையை அளந்து காட்ட. டிப் ஸ்டிக்கைத் தினமும் காலையில் கிளீனர் தம்பிதான் எடுக்கிறான். எடுத்ததும் அளவைப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோகிறான்.