மறு: புதுப்பிப்பைக் கைமாற்றும் கணினிகளுக்கு என்ன பெயர்?

நண்பர்களே,

மென்பொருள் புதுப்பிப்பை எல்லாரும் ஒரே சர்வரில் இருந்து இறக்காமல், வாங்கும் கணினிகளே தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் முறைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோமே, அதில் வந்த கேள்வி இது:

> ‘கோப்புப் பகிர்வு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, மென்பொருள் புதுப்பிப்புக்கும் அதையே வைத்தால் என்ன?

வைக்கலாம்தான். ஆனால் பகிர்வு என்றால் யாரோ ஒருவர் தன்னிடம் உள்ளதில் பிடித்ததை எடுத்துக் கொடுக்கிறார் என்று ஆகிறது. புதுப்பிப்பில் அப்படி இல்லை. வெளியிடுவது ஒரே இடம், எல்லாருக்கும் போவது ஒரே கோப்பு, நடுவில் உள்ள கணினிகள் துண்டு துண்டாகக் கைமாற்றி விடுகின்றன. இதற்குப் ‘பகிர்மானம்’ பொருந்தும். மின்சாரத்துக்குச் சொல்லிப் பழகிய சொல்தானே.

சிக்கல் ‘பியர்’ (peer, இப்படித் துண்டுகளைக் கைமாற்றும் ஒவ்வொரு கணினியும்) என்பதில்தான். சகா, கூட்டாளி, நண்பர் என்றெல்லாம் பரிந்துரைகள் வந்திருக்கின்றன. (சகாவும் கூட்டாளியும் செய்தித்தாளில் பெரும்பாலும் கைதாகிறார்கள். திருட்டுப் படங்களால் டாரென்ட்டுக்கு ஏற்கெனவே இருக்கிற பெயருக்கு இது வேறா!) என் மறுப்பு வேறு காரணத்தால். இந்த மூன்றிலும் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த முறையோ எதிரே உள்ள கணினியை நம்பவே நம்பாது. இப்படிக் கைமாற்றும் முறைகளில் பெயர்பெற்ற பிட்டாரென்ட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் (துண்டின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஓர் எண்) உண்டு. அதைக் கணக்கிடும் முறை முதல் பதிப்பில் எஸ்ஹெச்ஏ-1, இரண்டாவதில் எஸ்ஹெச்ஏ-256. வந்த துண்டு அதோடு ஒத்துப்போகாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கணினியிடம் கேட்க வேண்டியதுதான். புதுப்பிப்பு என்றால் இதற்கு மேல் வெளியீட்டாளரின் டிஜிட்டல் கையொப்பமும் சரியாக இருக்க வேண்டும். துண்டைக் கொடுத்தது யார் என்பது ஒரு பொருட்டே இல்லை.

அதனால் ‘சக கணினி’ என்கிறேன். சக பயணி என்றால் அவரும் அதே வண்டியில் வருகிறார், அவ்வளவுதான். நல்லவரா கெட்டவரா என்று அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. முழுப் பெயர் ‘சக கணினிப் பகிர்மானம்’. கைப்பேசி வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதுவும் கணினிதான், விடுங்கள்.

அமைப்புகள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விண்டோஸ் 10 2015இல் வந்தபோதே இந்த வசதி அதில் இருந்தது. உள் வலையமைப்பில் இருந்து மட்டும் வாங்குவதா, இணையத்தில் இருந்தும் வாங்குவதா என்று அது கேட்கும். ‘உள் வலையமைப்பின் சக கணினிகள் மட்டும்’, ‘இணையத்தின் சக கணினிகளும்’. இரண்டுமே இடறாமல் படிக்க வருகின்றன. ‘அண்டைக் கணினி’ என்ற யோசனை இரண்டாவது வரியில் அடிபட்டுப் போகிறது. உலகின் மறுகோடியில் இருப்பது எப்படி அண்டையாகும்?

ஒரே கோப்பைக் கைமாற்றும் கணினிகளின் கூட்டத்தைச் சொல்லும் ‘ஸ்வார்ம்’ என்பதற்குத் திரள் போதும். ட்விட்டர் தன் சர்வர்களுக்கு நிரலைப் பரப்ப பிட்டாரென்ட்டை வைத்து ஒரு கருவி செய்து, 2010இல் அதைப் பற்றி எழுதியது. அதன் பெயர் ‘மர்டர்’. கொலை இல்லை, ஆங்கிலத்தில் காக்கைக் கூட்டத்துக்கும் அதுதான் பெயர். நாம் அந்தக் குறும்புக்கெல்லாம் போக வேண்டாம்.

‘எனக்குக் கொடுத்தவருக்கு நான் கொடுப்பேன்’ என்ற விதிக்குக் ‘கைம்மாறு’ கச்சிதமாக இருக்கிறது, புதிதாக எதுவும் ஆக்க வேண்டியதில்லை.

‘டிராக்கர்’ மட்டும் இழுக்கிறது. ‘தடங்காணி’ என்றால் உளவு பார்ப்பது போல இருக்கிறது. அது செய்வது, இந்தக் கோப்புக்கு இன்னின்னார் இருக்கிறார்கள் என்று முகவரி கொடுப்பதுதான். ‘அறிமுக வழங்கி’ என்று போட்டிருக்கிறேன். நீளம்தான், சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். அப்புறம், ‘லீச்சர்’ (கோப்பு இன்னும் முழுதாக வராமல் வாங்கிக்கொண்டிருக்கும் கணினி) என்பதற்கு ரத்தம் உறிஞ்சும் ‘அட்டை’ வேண்டவே வேண்டாம். புதுப்பிப்பு வந்த நாளில் எல்லாக் கணினியும் வெறுங்கையோடுதான் திரளுக்குள் வருகிறது. ‘பெறுநர்’ என்றே இருக்கட்டும்.