மறு: பழைய அமெரிக்கத் தங்கக் காசில் தெரியும் கோடுகளுக்கு என்ன சொல்?

> 'சரிக்கட்டல் கீறல்' என்று போட்டிருக்கிறேன். adjustment mark என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒத்துப்போகிறது. குழுவினர் கருத்து?

வணக்கம் ஐயா,

ஒத்துப்போகிறதுதான். ஆனால் 'கீறல்' என்றதுமே யாரோ பிற்பாடு காசைக் கெடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். இது காசு ஆவதற்கு முன்பே விழுந்த கோடு.

பிலடெல்பியா நாணயச்சாலையில் ஐந்து டாலர் தங்கக் காசு அடிக்கத் தொடங்கியது 1795-இல். சட்டப்படி எடை 8.75 கிராம், 22 காரட். வெறும் வில்லைகளை, அதாவது இன்னும் அச்சுப் பதியாத பொன் வட்டங்களை, தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை குறைந்தால் மறுபடி உருக்கு. கூடினால் அரத்தால் ராவி, அப்புறம்தான் அச்சுக்குப் போகும். (இந்த வேலையில் அப்போதே பெண்களும் இருந்தார்கள்.) அச்சின் அழுத்தத்தில் பெரும்பாலான கோடுகள் நசுங்கி மறைந்துவிடும். பொன் முழுதாக ஏறாத மேட்டில், சுதந்திர தேவியின் தொப்பி மடிப்பிலோ விளிம்புப் பற்களிலோ, சீப்பு இழுத்தாற்போல் நாலைந்து கோடுகள் தங்கிவிடும்.

அராவுதல், அரப்பொடி எல்லாம் நம் பொற்கொல்லர் பட்டறைச் சொற்கள்தானே. என் பரிந்துரை: அரத்தடம்.

> சொல் நன்று. ஆனால் பொன்னைத் திருட விளிம்பை ராவியவன் விட்டதும் அரத்தடம்தானே?

சரியான கேள்வி. அதற்கு 'விளிம்புச் சுரண்டல்' என்று தனியே வைத்துக்கொள்ளலாம்; குற்றம் பெயரிலேயே தெரியட்டும். 'எடைதிருத்த அரத்தடம்' என்று நீட்டினால் ஐயம் வராது, ஆனால் காசுப் பட்டியல் எழுதுகிறவர் நம்மைத் திட்டுவார்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம், இந்தப் பழைய காசுகளில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம். முகமதிப்பைவிட உள்ளிருந்த பொன்னின் விலை கூடியதால் பெருவாரியாக உருக்கிவிட்டார்கள். 1834-இல் சட்டம் போட்டு எடையை 8.36 கிராமாகக் குறைத்த பிறகுதான் புதுக் காசு கையில் புழங்கியது. 1822 ஆண்டுக் கணக்கில் 17,796 ஐந்து டாலர் காசுகள். அந்த ஆண்டு பொறித்தவற்றில் இன்று அறியப்பட்டவை மூன்றே. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். மூன்றாவது 2021-இல் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. தடமில்லாத காசுக்கு விலை கூடத்தான் செய்யும். அதற்காகத் தடமுள்ளதைப் பழுதுக் கணக்கில் சேர்த்துவிட முடியாது.

அகராதிக்கு இப்படிப் போடலாமா?

அரத்தடம்: எடை கூடிய வில்லையை அச்சிடுமுன் நாணயச்சாலையிலேயே அராவியதால் காசில் எஞ்சிய கோடு.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். 'வில்லை'யா 'வட்டு'வா என்பதைத் தனி இழையில் பார்ப்போம்.