சுகர்காரர்களும் திராட்சையும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

காரைக்குடி, செக்காலை ரோடு

சுகர் வந்துவிட்டால் திராட்சைப் பக்கமே போகக்கூடாது என்று ஒரு கட்சி, கருப்பு கிஸ்மிஸை, அதாவது உலர்ந்த திராட்சையை, ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் தண்ணியோடு சாப்பிட்டால் சுகரும் கொழுப்பும் இறங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் இன்னொரு கட்சி. எங்கள் அப்பச்சி இரண்டாவது கட்சி. கிண்ணம் நிறைய ஊறப்போடுவார், விடிந்ததும் ஒவ்வொன்றும் உப்பிப்போய்க் கிடக்கும், தண்ணி கருஞ்சிவப்பாகத் தித்திக்கும். அதையும் விடாமல் குடித்துவிட்டு, கூடவே நாலு இட்லி. இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் மீட்டர் இருநூறைத் தாண்டி நிற்கும், "இந்த மாத்திரை சரியில்லப்பா" என்பார்.

கணக்கு ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. நூறு கிராம் திராட்சைப் பழத்தில் சர்க்கரை சுமார் 16 கிராம், அதே நூறு கிராம் கிஸ்மிஸில் 60 கிராமுக்குப் பக்கம். தண்ணி வற்றிவிட்டதே, சர்க்கரை எங்கே போகும்? ஊறப்போட்டால் அதில் கொஞ்சம் தண்ணிக்கு வரும், அதையும் குடித்தால் கணக்கு அதேதான். இப்போது ஒரு ஸ்பூன் கிஸ்மிஸ், அதுவும் வேர்க்கடலையோடு சாயங்காலம். மீட்டர் பரவாயில்லை, மாத்திரையும் அதே மாத்திரைதான்.

தேவகோட்டை

எங்கள் அயித்தான் கதை ஜூஸ் கதை. வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் கடையில் பெரிய கிளாஸ் கிரேப் ஜூஸ், பழம்தானே என்ற தைரியம். ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறிக் கிடந்தது, ஸ்கேனில் ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு. சர்க்கரை போடாத சுத்தமான ஜூஸ் என்றாலும் 200 மில்லியில் 30 கிராம் சர்க்கரை இருக்கும், கடைக்காரர் கை தாராளத்தைப் பொறுத்து அதற்கு மேலும். வடிகட்டிய பிறகு நார் ஏது? திராட்சைச் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி ஃப்ரக்டோஸ் என்ற வகை, அது பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் போகிறது, அளவு மீறினால் அங்கேயே கொழுப்பாகிறது. ஜூஸை நிறுத்தினார், ரிப்போர்ட் நன்றாகவே இறங்கியது. ஆனால் அதே சமயம் சாயங்கால பஜ்ஜியையும் ஆச்சி நிறுத்திவிட்டதால் முழுப் பெருமையையும் ஜூஸுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

கானாடுகாத்தான்

திராட்சையைத் திட்டிக்கொண்டே போகிறீர்கள், நான் அதன் கட்சி. 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு பெரிய ஆய்வில், முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது, அந்த வரிசையில் திராட்சையும் ஆப்பிளும் இருந்தன. பழச்சாறு குடித்தவர்களுக்கோ அந்த வாய்ப்பு கூடுதல். இது சேர்ந்து காணப்பட்டது, அவ்வளவுதான், இதனால்தான் அது என்று நிரூபணம் ஆகவில்லை. தோலிலும் விதையிலும்தான் பாலிஃபீனால் சத்துகள் அதிகம். அதில் ஒன்றான ரெஸ்வெரட்ராலை மாத்திரையாக விற்கிறார்களே, அந்த அளவை எட்ட கூடை கூடையாகத் தின்றாலும் முடியாது, அதை நம்பிப் பழம் வாங்க வேண்டாம். நான் காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் வந்தால் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையாகப் பார்த்து வாங்கி, ஒரு கையளவை விதையோடு மென்று சாப்பிடுகிறேன், சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு கேட்கும் நாக்குக்கு அது போதும். ஐயாவுக்கு மட்டும் கிஸ்மிஸ் கிடையாது. கிட்னி பிரச்சினை இருப்பதால், அதில் பொட்டாசியம் அதிகம் என்று டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார்.

காரைக்குடி, செக்காலை ரோடு

சரிங்க, விதையோடு மெல்லச் சொன்னால் அப்பச்சி பல்செட்டைக் காட்டுகிறார். அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.